எல்லை மதிப்புக் கணக்கு மக்கர் பண்ணுகிறதா? அறிகுறி வாரியாகப் பார்க்க

சேலம் அஸ்தம்பட்டியில் என்னிடம் எம்.எஸ்சி. கணிதம் படிக்க வருகிறவர்களில் சிலர் நெட், டி.ஆர்.பி. தேர்வுக்காக வருகிறார்கள். சிலர் புராஜெக்ட் கொடுக்க வேண்டிய தேதி நெருங்கியதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வரும் ஆராய்ச்சி மாணவர்களும் உண்டு. வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு இரண்டு முனையிலும் நிபந்தனை போட்ட கணக்கு, அதாவது எல்லை மதிப்புக் கணக்கு, என்றால் எல்லோருடைய புகாரும் திரும்பத் திரும்ப ஒரே சில வடிவங்களில்தான் வருகிறது. அவற்றை அறிகுறிப்படி பிரித்து எழுதியிருக்கிறேன்.

நிபந்தனை எல்லாம் ஒரே முனையில் இருக்கும் தொடக்க மதிப்புக் கணக்கில் வலப்பக்கச் சார்பு ஒழுங்காக இருந்தால் கொஞ்ச தூரத்துக்காவது தீர்வு உண்டு. எல்லை மதிப்புக் கணக்கில் அந்த உத்தரவாதம் கிடையாது. தீர்வு இல்லாத கணக்குக்கும் கணினி ஏதாவது ஓர் எண்ணை நீட்டிவிடும். அதனால் புரோகிராமைத் திட்டுவதற்கு முன் கணக்கைச் சந்தேகப்படுங்கள்.

கீழே ஒய் என்றால் தேடும் சார்பு, எக்ஸ் என்றால் மாறி.

## அறிகுறி 1: விடை பூதாகரமாக வருகிறது

"சார், எரர் எதுவும் காட்டல, ஆனா கிராஃப் ஆயிரத்தத் தாண்டிப் போகுது."

கால்குலேட்டரும் π-யும். டிகிரி மோடில் இருக்கிறதா, π இருக்க வேண்டிய இடத்தில் 3.14 போட்டீர்களா என்று பாருங்கள். ஒய்″ + ஒய் = 0, ஒய்(0) = 0, ஒய்(π) = 1 என்ற கணக்குக்குத் தீர்வே கிடையாது. முதல் நிபந்தனைக்குப் பிறகு மிஞ்சுவது மாறிலி × சைன் எக்ஸ். அது π-யில் எப்போதும் பூஜ்யம், 1 ஆகாது. ஆனால் 3.14 என்று போட்டால் 628 சைன் எக்ஸ் என்று ஒரு விடை வந்து நிற்கும். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும்.

அணியின் குறி. வேறுபாட்டு முறையில் (இடைவெளியைத் துண்டாக்கி, வகைக்கெழுவைப் பக்கத்துப் புள்ளிகளின் வேறுபாடாக எழுதி அணியாக்கும் முறை) ஒய்″ + ஒய் என்றால் மூலைவிட்டத்தில் −2 உடன் படி அளவின் வர்க்கத்தைக் கூட்ட வேண்டும். ஒய்″ − ஒய் என்றால் கழிக்க வேண்டும். முதலாவதற்குத் தீர்வு இல்லாமல் போகலாம், இரண்டாவதற்கு எப்போதும் உண்டு. குறி மாறினால் நீங்கள் போடுவது வேறு கணக்கு.

கட்டத்தைப் பாதியாக்கும் சோதனை. எக்செல் போதும். ஒய்″ + ஒய் = சைன் எக்ஸ், இரு முனையிலும் (0, π) பூஜ்யம் என்ற கணக்கை எடுங்கள். இடைவெளியை 10 துண்டாக்கினால் நடுப்புள்ளியில் கிடைப்பது 122. 20 துண்டாக்கினால் 487. 40 துண்டாக்கினால் 1946. ஒவ்வொரு முறையும் நாலு மடங்கு. உண்மையான தீர்வு இருந்தால் கட்டத்தை நுணுக்க நுணுக்க எண் ஓரிடத்தில் அமர வேண்டும். இங்கே அது ஓடுகிறது. வேறுபாட்டு அணியின் ஐகன் மதிப்பு உண்மையான ஐகன் மதிப்பைவிடக் கொஞ்சம் தள்ளி நிற்பதால் அணி நேர்மாறு இல்லாததாக ஆகாமல் தப்பித்துக்கொள்கிறது; அந்த இடைவெளி படி அளவின் வர்க்கத்தோடு சுருங்குவதால் விடை அதே வேகத்தில் வீங்குகிறது. ஒரே ஒரு கட்ட அளவில் ஓட்டிவிட்டு விடையை ரிப்போர்ட்டில் ஒட்டுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

காகிதத்தில் ஒரு தொகையீடு. எண் ஓடுகிறது என்று தெரிந்ததும் இதைப் போடுங்கள். வலப்பக்கத்தையும் முனை மதிப்புகளையும் பூஜ்யமாக்கினால், பூஜ்யம் அல்லாத தீர்வு ஏதாவது இருக்கிறதா? இந்தக் கணக்கில் இருக்கிறது: சைன் எக்ஸ். அப்படியென்றால் வலப்பக்கத்தைச் சைன் எக்ஸால் பெருக்கி 0 முதல் π வரை தொகையிடுங்கள். விடை, இரு முனை மதிப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருந்தால் தீர்வு உண்டு, இல்லாவிட்டால் கிடையாது. ஸ்வீடன் கணிதர் ஃபிரெட்ஹோம் 1903-இல் தொகையீட்டுச் சமன்பாடுகளுக்குக் காட்டிய 'இதுவா அதுவா' விதி இங்கே இந்த வடிவில் வருகிறது.

வலப்பக்கம் சைன் எக்ஸ் என்றால் தொகையீடு π/2. முனைகள் பூஜ்யம். தீர்வு இல்லை. வலப்பக்கம் 1 என்றால் 2 வரும், அதற்கும் இல்லை. வலப்பக்கம் காஸ் எக்ஸ் என்றால் பூஜ்யம். தீர்வு உண்டு, அதுவும் எண்ணற்றவை: (எக்ஸ்/2) சைன் எக்ஸ் உடன் சைன் எக்ஸின் எந்த மடங்கையும் கூட்டலாம். புரோகிராம் அவற்றில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டும். அதைப் பார்த்து 'ஒரே தீர்வு' என்று எழுதிவிடாதீர்கள்.

ஆளைப் பார்க்க வேண்டிய கட்டம். முதல் வகைக்கெழு உள்ள இரண்டாம் வரிசைச் சமன்பாட்டை ஸ்டர்ம்–லியோவில் வடிவத்துக்கு, அதாவது (பி ஒய்′)′ + க்யூ ஒய் என்ற வடிவத்துக்கு, கொண்டுவந்தால் மேலே சொன்ன சோதனை ஓடும். நான்காம் வரிசை, அல்லது முனை நிபந்தனையில் உள்புள்ளி மதிப்போ தொகையீடோ கலந்திருக்கிறது என்றால் எதால் பெருக்குவது என்பதே தனி வேலை. செயலிக் கோட்பாடு (ஆபரேட்டர் தியரி) தெரிந்த பேராசிரியரிடம் போய்விடுங்கள்.

## அறிகுறி 2: 'சிங்குலர் ஜேக்கோபியன்' என்று நின்றுவிடுகிறது

எல்லை மதிப்புக் கணக்கைத் தீர்க்கும் புரோகிராம்களான மேட்லாபின் பிவிபி4சி, சைபையின் (பைத்தான் நூலகம்) சால்வ்_பிவிபி இரண்டுமே இப்படிச் சொல்லும். ஜேக்கோபியன் என்பது நியூட்டன் முறை ஒவ்வொரு சுற்றிலும் தீர்க்கும் நேரியல் கணக்கின் அணி; சிங்குலர் என்றால் அதற்கு நேர்மாறு இல்லை. சால்வ்_பிவிபி தோற்றாலும் ஒரு விடைப் பொருளைத் திருப்பித் தரும். அதில் 'சக்சஸ்' என்ற இடம் பொய் என்று இருப்பதைப் பார்க்காமல் படம் வரைந்துவிடுகிறார்கள். முதலில் அதைப் பாருங்கள்.

ஒரே நிபந்தனையை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்களா? இடது முனை, வலது முனை மாறிகளைக் குழப்பி இடது முனைக்கே இரண்டையும் எழுதினால் தொடக்க மதிப்புக் கணக்காகிவிடும். ஒரே வரியை நகலெடுத்து ஒட்டிவிட்டு எழுத்தை மாற்ற மறந்தால் சிங்குலர்.

தொடக்க ஊகம் பூஜ்யமா? ஒய்″ = ஒய்² − 1, இரு முனையிலும் சாய்வு பூஜ்யம். ஒய் = 1, ஒய் = −1 இரண்டும் தீர்வு என்று கண்ணாலேயே தெரிகிறது. ஆனால் ஊகம் 0 என்று கொடுத்தால் நியூட்டன் முறைக்குக் கிடைக்கும் நேரியல் கணக்கில் ஒய் உறுப்பே இல்லை, அணி சிங்குலர். 0.5 என்று கொடுங்கள், 1-க்குப் போய்ச் சேரும். கணக்கில் தவறில்லை, ஊகத்தில்தான்.

இரு முனையிலும் சாய்வு மட்டும் கொடுத்திருக்கிறதா? ஒய்″ = வலப்பக்கம், ஒய்′(0) = ஒய்′(1) = 0 என்றால் வலப்பக்கத்தின் தொகையீடு பூஜ்யமாக இருந்தே ஆக வேண்டும். வலப்பக்கம் 1 என்றால் தீர்வு இல்லை. இரு முனையும் வெப்பம் கடத்தாமல் அடைக்கப்பட்ட கம்பியில் வெப்பத்தை ஏற்றிக்கொண்டோ எடுத்துக்கொண்டோ இருந்தால் அது நிலைத்த வெப்பநிலைக்கு வராது. சமன்பாடு சொல்வதும் அதைத்தான். தொகையீடு பூஜ்யமாக இருந்தாலும் மாறிலி ஒன்று கட்டில்லாமல் நிற்கும். ஒரு புள்ளியில் மதிப்பைப் பொருத்தினால்தான் புரோகிராம் ஓடும்.

மூன்றும் சரியாக இருந்தும் எரர் போகவில்லை, அதுவும் ஓர் எண்ணை மெல்ல ஏற்றும்போது மட்டும் வருகிறது என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 3: ஊகத்தை மாற்றினால் விடை மாறுகிறது, ஓரளவுக்கு மேல் விடையே வருவதில்லை

இதற்குப் பாடம் எடுக்கப் பிராட்டு கணக்கைவிட நல்லது இல்லை. ஒய்″ + லாம்டா × (இ-யின் அடுக்கு ஒய்) = 0, இரு முனையிலும் (0, 1) பூஜ்யம். லாம்டா என்பது நாம் ஏற்றி இறக்கும் எண். உள்ளே வெப்பம் தானே பெருகும் பொருளின் வெப்பநிலைக்கு இது மாதிரி.

ஒரு விடை தவறு என்று முடிவு கட்டாதீர்கள். லாம்டா 1 என்றால் இரண்டு தீர்வு. ஒன்றில் நடு உயரம் 0.1405, தொடக்கச் சாய்வு 0.549. மற்றொன்றில் நடு உயரம் 4.091, தொடக்கச் சாய்வு 10.847. ஷூட்டிங் (தொடக்கச் சாய்வை ஊகித்து வலது முனை வரை ஓட்டிப் பார்க்கும் முறை) போடுகிறவர்கள் சாய்வை 0 முதல் 12 வரை சின்னப் படியில் மாற்றி, வலது முனை மதிப்பைப் படமாக வரைந்தால் கோடு பூஜ்யத்தை இரண்டு இடத்தில் வெட்டுவது தெரியும். பத்து நிமிட வேலை. ஒருவரும் தானாகச் செய்வதில்லை.

லாம்டாவை மெல்ல ஏற்றுங்கள். முந்தைய விடையையே அடுத்ததற்கு ஊகமாகக் கொடுங்கள். இரண்டு தீர்வும் நெருங்கி வந்து 3.5138 என்ற இடத்தில் ஒன்றாகும். அதற்கு மேல் தீர்வு இல்லை. அந்த மதிப்பை நெருங்கும்போது ஜேக்கோபியன் சிங்குலர் ஆவது புரோகிராம் சரியாக வேலை செய்வதற்கு அடையாளம்.

'தீர்வு உண்டு என்று நிரூபி' என்று கைடு கேட்டால். மேல்சார்பு, கீழ்ச்சார்பு முறைதான் கைக்கு அடக்கம்: சமன்பாட்டைச் சமனின்மையாக நிறைவேற்றி, மேலேயும் கீழேயும் வேலியாக நிற்கும் இரண்டு சார்புகள் கிடைத்தால் நடுவே தீர்வு உண்டு. 0 கீழ்ச்சார்பாக ஒத்துவரும். மேல்சார்புக்கு சி × எக்ஸ் (1 − எக்ஸ்) என்ற பரவளையத்தை எடுங்கள். அதன் இரண்டாம் வகைக்கெழு −2சி, உச்சம் சி/4. எனவே 2சி என்பது லாம்டா × (இ-யின் அடுக்கு சி/4) என்பதைவிடக் குறையாமல் இருந்தால் போதும். லாம்டா 1, சி 1 என்று போட்டால் 2 ஒரு பக்கம், 1.284 மறுபக்கம். முடிந்தது: 0-வுக்கும் எக்ஸ் (1 − எக்ஸ்)-க்கும் இடையே ஒரு தீர்வு இருக்கிறது, அதன் உயரம் 0.25-ஐத் தாண்டாது. உண்மையான 0.1405 அதற்குள் அடங்குகிறது.

சி-யை 4 ஆக்கினால் இந்தப் பரவளையம் லாம்டா 2.943 வரை இழுக்கும் (சரியாகச் சொன்னால் 8/இ). அதற்கு மேல் 3.5138 வரை தீர்வு உண்டு, ஆனால் பரவளையத்தால் காட்ட முடியாது. வேறு மேல்சார்பு வேண்டும். 'என் மேல்சார்பு தோற்றது, ஆகவே தீர்வு இல்லை' என்று எழுதி வந்த அத்தியாயங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 'ஆகவே' செல்லாது.

'தீர்வு இல்லை' என்று நிரூபிக்க. சமன்பாட்டைச் சைன் π எக்ஸால் பெருக்கி 0 முதல் 1 வரை தொகையிடுங்கள். இ-யின் அடுக்கு ஒய் எப்போதும் இ × ஒய்-க்குக் குறையாது என்பதைப் பயன்படுத்தினால், லாம்டா π²/இ-யைத் தாண்ட முடியாது என்று வரும். அதாவது 3.631. உண்மையான எல்லைக்கு இவ்வளவு அருகில் மூன்று வரியில் வந்து நிற்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம்.

ஆளைப் பார்க்க வேண்டிய கட்டம். மடிப்பைச் (இரண்டு தீர்வும் ஒன்றாகும் இடம்) சுற்றிப் போய் மேல் கிளையை, அதாவது பெரிய தீர்வை, தொடர வேண்டும், அல்லது இரண்டு தீர்வில் எது நிலைப்புள்ளது என்று சொல்ல வேண்டும் என்றால் கிளைபிரிதல் ஆய்வு செய்கிறவரிடம் போங்கள். லாம்டாவுக்குப் பதில் வில் நீளத்தை அளவாக வைத்து நகரும் முறை அவர்களிடம் தயாராக இருக்கும்.

## அறிகுறி 4: தேற்றம் 'உண்டு' என்கிறது, ஷூட்டிங் பாதி வழியில் வெடிக்கிறது

முதல் மூன்றுக்கும் நேர் எதிரானது இது: கணக்கு நல்லது, கருவிதான் மோசம்.

ட்ரோஷ் கணக்கைப் பாருங்கள்: ஒய்″ = லாம்டா × சைன்ஹ் (லாம்டா ஒய்), ஒய்(0) = 0, ஒய்(1) = 1. வலப்பக்கத்தை ஒய்-யால் வகையிட்டால் எப்போதும் நேர்மறை, அதனால் தீர்வு உண்டு, ஒன்றே ஒன்று. லாம்டா 10 என்றால் தேவையான தொடக்கச் சாய்வு சுமார் 0.000358. 0.000363-ஐத் தாண்டினால் வலது முனைக்குப் போகும் முன்பே தீர்வு முடிவிலிக்கு ஓடிவிடும். ஷூட்டிங்கில் 0.1 என்று ஊகம் கொடுத்தவர் 'ஓவர்ஃப்ளோ' வாங்காமல் என்ன செய்வார்?

- வலது முனையிலிருந்து இடப்பக்கம் சுட்டுப் பாருங்கள். சில கணக்குகளுக்கு அதுவே போதும்.
- லாம்டா 1-இல் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்.
- ஷூட்டிங்கை விட்டுவிட்டு வேறுபாட்டு முறைக்கோ பிவிபி4சி-க்கோ மாறுங்கள். ஒய் சட்டென்று ஏறும் வலது முனையருகே கட்டத்தை நெருக்குங்கள்.
- இடைவெளியைத் துண்டாக்கி ஒவ்வொன்றிலும் தனியாகச் சுடும் பல்முனை ஷூட்டிங். எழுதக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

இதற்கு நிபுணர் தேவைப்படுவது அபூர்வம்.

## அறிகுறி 5: வலது முனை முடிவிலி, அதை 5 என்று வைத்தால் ஒரு விடை, 10 என்று வைத்தால் வேறு விடை

பாய்மவியல் ஆராய்ச்சி மாணவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் இதுதான். சுருங்கும் தகட்டின் மேல் ஓட்டம்: எஃப்‴ + எஃப் எஃப்″ − (எஃப்′)² = 0, எஃப்(0) = எஸ், எஃப்′(0) = −1, முடிவிலியில் எஃப்′ = 0. இங்கே தேடும் சார்பு எஃப்; எஸ் என்பது தகடு உறிஞ்சும் அளவு.

இதற்குக் கையாலேயே தீர்வு எழுதலாம். எஃப்′ = −(இ-யின் அடுக்கு −எம் எக்ஸ்) என்று வைத்தால் எம்² − எஸ் எம் + 1 = 0 என்ற இருபடிச் சமன்பாடு மிஞ்சும். எஸ் 2-க்குக் குறைந்தால் மெய்யான எம் இல்லை, இந்த வகைத் தீர்வும் இல்லை. 2-க்கு மேல் இரண்டு. எஸ் 3 என்றால் எம் 2.618 அல்லது 0.382, தகட்டில் எஃப்″ மதிப்பும் அதுவேதான்.

இப்போது முடிவிலியை 5 என்று வெட்டியவரின் நிலையைப் பாருங்கள். முதல் கிளையில் எஃப்′ அங்கே நடைமுறையில் பூஜ்யம், பிரச்சினை இல்லை. இரண்டாவதில் அதன் அளவு இன்னும் 0.148. அதை வலுக்கட்டாயமாகப் பூஜ்யமாக்கினால் விடை கோணாமல் என்ன செய்யும்? 20 வரை நீட்டினால் 0.0005-க்குள் வந்துவிடும்.

சோதனை: முனையை 5, 10, 20, 40 என்று நகர்த்தி, தகட்டில் எஃப்″ மதிப்பை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அமர்ந்தால் நம்பலாம். நகர்ந்துகொண்டே இருந்தால், படத்தில் எஃப்′ அழகாகப் பூஜ்யத்தைத் தொட்டாலும் அது வெட்டிய இடம் உண்டாக்கிய விடை. கூடவே வலது முனையில் எஃப்″-உம் பூஜ்யத்துக்குப் போகிறதா பாருங்கள். சாய்வாக வந்து முட்டினால் முனை போதவில்லை.

பிவிபி4சி-யும் சால்வ்_பிவிபி-யும் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் துல்லியம் 0.001 தான். அதை வைத்துக்கொண்டு ஆறு தசமத்தில் அட்டவணை போடுவது நியாயமில்லை. காந்தப்புலம், வெப்பம், நானோ துகள் என்று உறுப்புகள் கூடக் கூட, கையால் தீர்வு எழுத முடிந்த இந்த எளிய வடிவத்துக்கு உங்கள் புரோகிராமை முதலில் ஓட்டி 2.618-ம் 0.382-ம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

## அறிகுறி 6: விடை வரம்புக்குள் இருக்கிறது, சாய்வு மட்டும் செங்குத்தாகிறது

சமன்பாட்டில் ஒய்′ எந்த அடுக்கில் வருகிறது என்று பாருங்கள். வர்க்கம் வரை என்றால் ஜப்பானியக் கணிதர் நகுமோ 1937-இல் சொன்ன நிபந்தனை காப்பாற்றும்: ஒய் அடங்கி இருந்தால் சாய்வும் அடங்கும். அதைத் தாண்டினால் காப்பில்லை.

ஒய்″ = −(1 + ஒய்′²)-இன் அடுக்கு 3/2, இரு முனையும் பூஜ்யம் என்பது வளைவு எங்கும் 1 ஆக உள்ள கோட்டைக் கேட்கிறது; அதாவது ஆரம் 1 உள்ள வட்டத் துண்டு. இடைவெளி 2-ஐத் தாண்டினால் தீர்வு இல்லை. ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு திரும்பும் வண்டி, தன் வட்டத்தின் விட்டத்தைவிடத் தள்ளி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது அல்லவா, அதேதான்.

வர்க்கம் என்றாலும் கவனம் வேண்டும். ஒய்″ = −(1 + ஒய்′²) கணக்குக்கு இடைவெளி π-க்குக் குறைவாக இருந்தால்தான் தீர்வு. அதற்கு மேல் போனால், நகுமோ நிபந்தனை பொருந்தினாலும் மேல்சார்பு கிடைக்காது.

## அறிகுறி 7: தேற்றத்தின் நிபந்தனை பொருந்தவில்லை, 'தீர்வு இல்லை' என்று எழுதி மதிப்பெண் போகிறது

தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு மட்டும். தீர்வு உண்டு, ஒன்றே ஒன்று என்று சொல்லும் கெல்லர் தேற்றத்தின் நிபந்தனை (வலப்பக்கத்தின் ஒய்-வகைக்கெழு நேர்மறை, ஒய்′-வகைக்கெழு வரம்புக்குட்பட்டது) போதுமானது, தேவையானது அல்ல. ஒய்″ = −ஒய், ஒய்(0) = 0, ஒய்(π/2) = 1 அந்த நிபந்தனையை மீறுகிறது; ஆனாலும் சைன் எக்ஸ் என்ற ஒரே தீர்வு இருக்கிறது.

கெல்லர் பொருந்தவில்லை என்றால் வரிசையாக இவற்றைப் பாருங்கள். சமன்பாடு நேரியலா? நேராகத் தீர்த்துவிடுங்கள், தேற்றமே வேண்டாம். ஒய்′ இல்லாமல், லிப்ஷிட்ஸ் மாறிலி (ஒய் மாறும்போது வலப்பக்கம் மாறும் அதிகபட்ச வீதம்) × இடைவெளியின் வர்க்கம் 8-க்குக் குறைவா? இரு முனை மதிப்பும் கொடுத்திருந்தால் ஒரே தீர்வு. இன்னும் கூர்மையான எல்லை π². வலப்பக்கம் தொடர்ச்சியானது, எங்கும் வரம்புக்குட்பட்டது என்கிறீர்களா? ஷௌடர் தேற்றப்படி குறைந்தது ஒரு தீர்வு உண்டு. ஊசல் சமன்பாடு ஒய்″ = −சைன் ஒய் இதில் அடங்கும்: முனை மதிப்புகள் எதுவானாலும், இடைவெளி எவ்வளவானாலும் தீர்வு இருக்கும். ஒன்றுதானா என்பது வேறு கேள்வி. இரு முனையும் பூஜ்யம், இடைவெளி π-யைத் தாண்டியது என்றால் பூஜ்யத் தீர்வோடு வேறு தீர்வுகளும் வந்து சேரும்.

இவை எதுவும் பொருந்தாத கேள்வி தேர்வில் வந்தால், கேட்டது இருப்பா (தீர்வு உண்டா) ஒருமையா (ஒன்றுதானா) என்று மறுபடி வாசியுங்கள். ஆராய்ச்சியில் வந்தால் டிகிரி கோட்பாடு தெரிந்தவரைத் தேடிப் போங்கள். போகும்போது சமன்பாட்டையும் முனை நிபந்தனைகளையும் ஒரே தாளில் எழுதி, மூன்று கட்ட அளவில் கிடைத்த எண்களையும் கூடவே கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.